கூட்டிப் பார்க்காத கணக்கு (கடிதம்)

வணக்கம் அக்கா,

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் மூடப்பட்டதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். 2024 அக்டோபர் 5, கடைசிப் பந்தய நாளன்று நானும் அங்கே இருந்தேன். அப்பா காலத்தில் புக்கிட் தீமா, என் காலத்தில் கிராஞ்சி. குதிரை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

பொழுதுபோக்குக்குத்தான் பந்தயம் கட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் கணக்கு எழுதி வைப்பதில்லை என்று அதில் எழுதியிருந்தீர்கள். நான் எழுதி வைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வயது 46. துவாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இரண்டு பிள்ளைகள். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. என் கூட்டாளி சனிக்கிழமையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பிடோக் ஜெட்டிக்குப் போகிறான். எனக்கு இது. சென்ற ஆண்டு காற்பந்தில் 225 வெள்ளி லாபம். மொத்தம் 100 பந்தயம், ஒவ்வொன்றும் 50 வெள்ளி, எல்லாம் 1.90 ஓட்ஸ் (ஜெயித்தால் கட்டிய ஒரு வெள்ளிக்கு மொத்தம் 1.90 திரும்பி வரும்), அதில் 55 ஜெயித்தேன். எஃப்1 கார் பந்தயத்தில் 150 நட்டம். வெளிநாட்டுக் குதிரைகளில் 380 நட்டம். கிரிக்கெட்டில்தான் பலத்த அடி, 2,100. மற்றதெல்லாம் உரிமம் உள்ள பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸில் கட்டுவது. கிரிக்கெட்டுக்கு மட்டும் ஓர் ஆள் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும், திங்கட்கிழமை தீர்த்துக்கொள்ளலாம்.

சில இரவுகளில் குழப்பமாகிவிடுகிறது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஐபிஎல்லும் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கும் ஒரே நேரத்தில், இரவு 10 மணிக்கு. பவர்பிளே ரன்னில், அதாவது முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன் என்ற பந்தயத்தில், 200 போனது. அதை எடுக்கலாம் என்று காற்பந்து இடைவேளையில் 50 கட்டினேன், வந்தது. அந்தத் தெம்பில் கிரிக்கெட்டில் இன்னொரு 300 சொன்னேன். அதுவும் போனது.

காற்பந்து எனக்குக் கைவருகிறது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதோடு நின்றுகொண்டால் இது ஒரு நல்ல பொழுதுபோக்குதானே? நான் பந்தயம் கட்டுவது மனைவிக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

கே., ஈசூன்

*

அன்புத் தம்பிக்கு,

கணக்கு எழுதி வைக்கிறவர்கள் மிகக் குறைவு. எழுதியதை இன்னொருவரிடம் காட்டுகிறவர்கள் அதைவிடக் குறைவு. நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள். அதனால் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன்.

கடிதத்தில் நாலு தொகை இருக்கிறது, கூட்டுத்தொகை இல்லை. நான் கூட்டிப் பார்த்தேன். 2,405 வெள்ளி நட்டம். உங்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. விளையாட்டு வாரியாகப் பக்கம் பிரித்துவிட்டால் ஏதாவது ஒரு பக்கத்தில் எப்போதும் லாபம் தெரியும். இந்த ஆண்டு காற்பந்து, அடுத்த ஆண்டு குதிரையாக இருக்கலாம். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கட்டிவிடலாம்.

காற்பந்து கைவருகிறது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 1.90 ஓட்ஸில் ஜெயித்தால் 50 வெள்ளிக்கு 45 வெள்ளி லாபம், தோற்றால் 50 வெள்ளியும் போகும். கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 53 ஜெயிக்க வேண்டும். இப்போது காற்பந்தே தெரியாத 100 பேரைக் கூப்பிட்டு, காசைச் சுண்டிப்போட்டு ஆளுக்கு 100 பந்தயம் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? அவர்களில் ஏறக்குறைய 31 பேர் ஆண்டு முடிவில் லாபத்தில் இருப்பார்கள். 18 பேர் உங்களைப் போல 55 அல்லது அதற்கு மேல் ஜெயித்திருப்பார்கள். அந்த 18 பேரும் தங்களுக்குக் காற்பந்து கைவருகிறது என்றுதான் நினைப்பார்கள். அதே ஆட்களை ஆயிரம் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். லாபத்தில் மிஞ்சுவது ஐந்து பேர்தான். உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துத் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரிக்க முடியாது என்கிறேன். இந்த 225 வெள்ளியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆட்டம் தெரிந்திருப்பதே இதில் பெரிய உதவியும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது ஓட்ஸ் போடுகிறவர்களுக்கும் தெரியும், அது விலையிலேயே இருக்கிறது. 2023 எஃப்1 பருவத்தையே பாருங்கள். ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் தொடர்ந்து 10 பந்தயங்களை ஜெயித்துவிட்டு இங்கே வந்தார். அவர்தான் ஜெயிப்பார் என்பது டாக்சி ஓட்டுநர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் தெரிந்த சேதி, அதனால் அந்தச் சேதிக்குக் கிடைக்கும் பணமும் சொற்பம். செப்டம்பர் 17 அன்று மரீனா பேயில் பதினோராவது இடத்திலிருந்து கிளம்பி ஐந்தாவதாக வந்தார். ஜெயித்தவர் பெராரியின் சைன்ஸ். அந்தப் பருவத்தின் 22 பந்தயங்களில் ரெட் புல் ஜெயிக்காமல் போனது இது ஒன்றுதான். தொடர்ந்து ஜெயிக்கிறவர் மேலேயே கட்டிவந்தவர்கள் பல வாரம் சேர்த்த சில்லறை லாபத்தை அந்த ஓர் இரவில் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். உலகக் கிண்ணத்தில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதே, 2022 நவம்பர் 22, அன்றும் இதே கதைதான். 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி அர்ஜென்டினா.

ஐந்து ஆட்டங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் விட்டுவிடுங்கள். 1.90 ஐந்து முறை பெருகினால் 24.76 வரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிப்பது பாதிக்குப் பாதி என்றால், ஐந்தும் ஜெயிக்கிற வாய்ப்புக்கு உண்மையில் சேர வேண்டிய விலை 32. கட்டும்போதே கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஏப்ரல் சனிக்கிழமையைத்தான். 10 மணிக்கு இரண்டு ஆட்டமும் தொடங்குகின்றன. பத்தரை வாக்கில் ஆறு ஓவர் முடிகிறது, 200 வெள்ளி போகிறது. பத்தேமுக்காலுக்குக் காற்பந்து இடைவேளை, 50 கட்டுகிறீர்கள், வருகிறது. உடனே கைப்பேசியில் அந்த ஆளுக்கு 300 என்று செய்தி போகிறது. உங்கள் நோட்டில் இது எப்படிப் பதிவாகியிருக்கும்? காற்பந்துப் பக்கத்தில் 45 வெள்ளி லாபம். கிரிக்கெட் பக்கத்தில் 500 வெள்ளி நட்டம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் காற்பந்து நல்லது, கிரிக்கெட் கெட்டது என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்பந்துப் பந்தயத்தைக் கட்ட வைத்தது கிரிக்கெட்டில் போன பணம். கிரிக்கெட்டில் இன்னொரு 300 சொல்ல வைத்தது காற்பந்தில் வந்த பணம். அந்த இரவு நீங்கள் இரண்டு விளையாட்டில் பந்தயம் கட்டவில்லை தம்பி. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போன மூன்று பந்தயம், அவ்வளவுதான். இதில் கிரிக்கெட்டை மட்டும் கழித்துவிட்டால் மிச்சம் இருக்கும் காற்பந்து நீங்கள் நினைக்கிற காற்பந்தாக இருக்காது. விட்டதைப் பிடிக்க நினைக்கிற மனசுக்கு எந்த ஆட்டமாக இருந்தால் என்ன? விடிகாலை மூன்று மணி சாம்பியன்ஸ் லீக்கும் போதும்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். பூல்ஸ் இணையக் கணக்கில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் தேதியும் நேரமும் இருக்கும். அந்த ஆளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளிலும் இருக்கும். ஒரு புதிய நோட்டில் சென்ற ஆண்டு முழுவதையும் விளையாட்டைப் பார்க்காமல் நேர வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், இதற்கு முந்தைய பந்தயம் ஜெயித்ததா தோற்றதா, அது முடிந்து எவ்வளவு நேரத்தில் இதைக் கட்டினேன் என்று குறியுங்கள். தோற்று ஒரு மணி நேரத்துக்குள் கட்டியவற்றை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். 2,405ல் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இனி அந்த ஆளைப் பற்றி. இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. நாளைக்கே நிறுத்துங்கள். 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டுகிறவருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வாங்குகிற ஆளுக்கு மட்டும்தான் தண்டனை என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு உங்களுடையது.

சட்டத்தைவிட எனக்குப் பயம் தருவது நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரி. திங்கட்கிழமை தீர்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களே, அதுதான். பூல்ஸில் முதலில் பணம் கொடுத்தால்தான் கட்ட முடியும். இணையக் கணக்கு என்றால் இவ்வளவுதான் செலவழிப்பேன் என்று வரம்பு வைத்த பிறகுதான் தொடங்கவே முடியும். பணம் தீர்ந்ததும் அந்த இரவு முடிந்துவிடுகிறது. இந்த ஆளிடம் பணம் தீர்வதே இல்லை. கையில் இல்லாத 300 வெள்ளியை இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தியில் இழக்கலாம். நாலு விளையாட்டில் மூன்று சமாளிக்கிற அளவிலும் ஒன்று மட்டும் நாலு இலக்கத்திலும் இருப்பதற்குக் காரணம் உங்கள் கிரிக்கெட் ஞானம் குறைவு என்பதல்ல, அங்கே மட்டும் கடன் இருக்கிறது. 1968ல் சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கப்பட்டதே இப்படிப்பட்ட ஆட்களின் கையிலிருந்து மக்களை மீட்கத்தான். அந்த ஆளுக்குப் பாக்கி வைத்து, அதைத் தீர்க்க உரிமம் இல்லாத இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்கி, கடைசியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவில் சாயம் ஊற்றப்பட்ட குடும்பங்களை நம் சமூகத்திலேயே பார்த்திருக்கிறோம்.

பவர்பிளே ரன் மாதிரியான சின்னச் சின்னப் பந்தயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு ஆட்டத்தை விலைக்கு வாங்கப் பலர் வேண்டும். ஒரு பந்தை வாங்க ஓர் ஆள் போதும். 2010ல் லார்ட்ஸ் டெஸ்டில் முன்கூட்டியே பேசிவைத்து நோபால் வீசிய வழக்கில் பாகிஸ்தான் வீரர்கள் மூவர் அடுத்த ஆண்டு லண்டனில் சிறைக்குப் போனார்கள். காற்பந்திலும் ஆட்டங்களை நிர்ணயித்த வழக்கில் 2011ல் பின்லாந்தில் ஒரு சிங்கப்பூரர் தண்டிக்கப்பட்டார். நீங்கள் புள்ளிவிவரம் பார்த்துக் கட்டுகிறீர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிறவருக்கு முடிவு முன்பே தெரிந்திருந்தால் உங்கள் புள்ளிவிவரத்தை வைத்து என்ன செய்வது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது பொழுதுபோக்குதானா? பிடோக் ஜெட்டிக் கூட்டாளி மீன் கிடைக்காத சனிக்கிழமையில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வெறுங்கையோடு வந்தேன் என்று வீட்டில் சொல்லவும் முடிகிறது. உங்களால் அந்த இரண்டும் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், மாதத்துக்கு ஒரு தொகையைக் கணவன் மனைவி இருவரும் பேசி முடிவு செய்து, பூல்ஸில் மட்டும், ஆட்டம் தொடங்குமுன் மட்டும் கட்டுங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயரே பழைய பந்தயத் திடலால் வந்தது. 1933ல் புக்கிட் தீமாவுக்குப் போகும் வரை தேக்காவுக்குப் பக்கத்தில்தான் குதிரைகள் ஓடின. நம் ஆட்களுக்குப் பந்தயம் அந்நியமானது என்று நான் பாசாங்கு செய்யமாட்டேன்.

முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவித் தொலைபேசி 1800-6-668-668. பூல்ஸ் கணக்கிலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளவும் அவர்களிடம் வழி இருக்கிறது. கடனில் மூழ்கியவர்களுக்குத்தான் அந்த எண் என்று நினைக்காதீர்கள். குழம்பிப்போன ஒரு சனிக்கிழமை இரவுக்கும் அதுதான் எண்.

உங்கள் வரவு செலவில் ஒரு தொகையை நீங்கள் எழுதாமலே விட்டுவிட்டீர்கள். இப்போது அந்த ஆளுக்குப் பாக்கி எவ்வளவு? எனக்கு எழுத வேண்டாம். இந்த வாரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, நோட்டோடு உட்கார்ந்து மனைவியிடம் சொல்லுங்கள். முதலில் அந்தப் பாக்கி, பிறகு அந்த 2,405.

அன்புடன்,
அக்கா