ரிமோட் ஹெலிகாப்டர்: பறக்கவிடும் முன் நிறுத்தப் பழகுங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். கேமரா ட்ரோன் ஓட்டிப் பழக்கம் உண்டு. இப்போது 450 அளவு ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறேன். எங்கள் மொட்டை மாடி பெரியது, அங்கேயே பழகலாமா? என் 8 வயது மகன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாடி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். 450 ஹெலியின் மெயின் பிளேடு ஒவ்வொன்றும் சுமார் 325 மி.மீ. நீளம். சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று கணக்குப் போட்டால் பிளேடின் நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், பூங்கா ஒன்றில் இதைவிடப் பெரிய ஹெலியை ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் அதன் பிளேடு பட்டே இறந்தார். அவர் நல்ல அனுபவசாலி. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும், அதற்காகத்தான்.

ட்ரோன் அனுபவம் உங்களுக்குப் பாதி உதவும், பாதி தடுக்கும். ட்ரோனில் ஸ்டிக்கை விட்டால் அது அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஹெலி நிற்காது, ஓரிரு நொடியில் ஏதாவது ஒரு பக்கம் சரியத் தொடங்கும். இன்னொன்று, பதறினால் ட்ரோன்காரர்கள் இடது ஸ்டிக்கைக் கீழே இழுப்பார்கள். பிளேடின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் ‘கலெக்டிவ் பிட்ச்’ ஹெலியில், மோட்டாரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் ‘ஐடில் அப்’ சுவிட்ச் போட்டிருக்கும்போது அப்படி இழுத்தால் மோட்டார் நிற்காது. பிளேடின் கோணம் எதிர்ப்பக்கம் திரும்பி, முழு வேகத்தில் ஹெலியைத் தரையை நோக்கித் தள்ளும்.

ஆகவே நீங்கள் முதலில் பழக வேண்டியது ‘த்ராட்டில் ஹோல்டு’ சுவிட்சைத்தான். ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் அது. விரல் தேடாமல் அதன்மேல் போய் நிற்க வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும்போது டிரான்ஸ்மிட்டரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்குகளை விடாமல் அதைத் தட்டிப் பழகுங்கள். களத்தில் ஒழுங்கு இதுதான்: ஹோல்டு போட்டு, ஐடில் அப்பை அணைத்து, த்ராட்டில் ஸ்டிக்கைக் கீழே வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்த பிறகே ஹெலியில் பேட்டரியைச் செருக வேண்டும். முடிக்கும்போது முதலில் ஹெலியின் பேட்டரியைக் கழற்றுங்கள், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். ஹோல்டு போட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுழலும். முழுதாக நின்ற பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

பழைய ஹெலி என்பதால் முதல் வேலை மேசையில். மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டைக் கழற்றிவிடுங்கள், அப்புறம்தான் எந்தச் சோதனையும். பிளேடில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் புதுசு வாங்கிவிடுவது நல்லது. முன்பு விழுந்த ஹெலிகளில், இரண்டு பிளேடு பிடிகளையும் இணைக்கும் தண்டான ஃபெதரிங் ஷாஃப்ட் வளைந்திருப்பது சகஜம். அதைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினால் தெரிந்துவிடும். பிளேடு போல்ட் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்றால், ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தொங்கக் கூடாது, லேசாக உதறினால் மடங்க வேண்டும். ஃப்ளைபார் (மெயின் பிளேடுகளுக்குக் குறுக்கே இருக்கும் சமநிலைக் கம்பி) இல்லாத வகை என்றால், பேட்டரியைச் செருகி ஹெலியின் மூக்கைக் கீழே சாய்த்துப் பாருங்கள். ரோட்டருக்குக் கீழே பிளேடின் கோணத்தை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய்ந்து அதைச் சரிக்கட்டப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் சாய்ந்தால் மேலே எழும்பிய கணமே கவிழும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஹெலியோடு வந்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள். நல்ல பேட்டரியானாலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜில் விட்டுப் போகக் கூடாது.

அடுத்து சிமுலேட்டர், அதாவது கணினித் திரையில் ஹெலி ஓட்டிப் பழகும் மென்பொருள். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட் என்று பல இருக்கின்றன. உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்துப் பழகுங்கள். வால் நம் பக்கம் பார்த்தபடி ஒரே இடத்தில் நிறுத்துவது சீக்கிரம் வந்துவிடும். மூக்கு நம் பக்கம் திரும்பும்போதுதான் இடதும் வலதும் மாறி மூளை தடுமாறும். அது சிமுலேட்டரில் யோசிக்காமல் வருகிற வரை நிஜ ஹெலியில் முயல வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் உதிரிபாகக் கடைக்கு வாடிக்கையாளர் ஆகிறார்கள்.

நிஜத்தில் முதல் நாள், நுனியில் பந்து வைத்த பயிற்சிக் குச்சிகளை ஹெலியின் கால்களில் கட்டி, காற்றில்லாத காலையில், வெட்டவெளி மைதானத்தில் தொடங்குங்கள். ஹெலியை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றால் போதாது, பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தரையை ஒட்டியே பழகுவது எளிது என்று தோன்றும். ஆனால் ரோட்டர் விட்டத்தின் உயரம்வரை அதன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி ஹெலியை ஆட்டும். கொஞ்சம் பழகியதும் இடுப்புக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள். நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் காப்பாற்றப் போராடாமல் ஹோல்டைப் போட்டுவிடுங்கள். மோட்டார் நின்று விழுந்தால் சேதமும் குறையும்.

கோவையில் இடம் தேடும்போது பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் நினைவில் இருக்கட்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடி உயரம் வரைதான் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி. அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மகன் வரட்டும், ஆனால் பக்கத்தில் அல்ல. உங்களுக்குப் பின்னால் இருபது மீட்டர் தள்ளி, நிறுத்திய காருக்கு அந்தப்புறம், இன்னொரு பெரியவர் கையைப் பிடித்தபடி நிற்கட்டும். அவனுக்கும் ஓட்ட ஆசை வந்தால், ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுழலும் இரட்டை ரோட்டர் கொண்ட, உள்ளங்கை அளவுப் பொம்மை ஹெலி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். வீட்டு ஹாலிலேயே ஓட்டலாம், கண்ணுக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.