1979-க்கு முந்தைய கடல்பனியை இன்று எப்படி அளக்கிறார்கள்?

கடல்பனிப் பரப்பின் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978-இன் இறுதியில், நிம்பஸ்-7 ஏவப்பட்ட பிறகே தொடங்குகிறது; ஆனால் 1964 செப்டம்பருக்கும் ஒரு கடல்பனி அளவு இன்று நம்மிடம் இருக்கிறது; அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

1964 ஆகஸ்ட் 28 அன்று நாசா ஏவிய நிம்பஸ்-1 ஒரு வானிலைச் செயற்கைக்கோள்; அது ஒரு மாதம்கூட இயங்கவில்லை. அதன் தொலைக்காட்சிக் கேமராக்கள் அனுப்பிய படங்களைத் தரைநிலையத்தில் திரையில் காட்டி, அந்தத் திரையையே 35 மி.மீ. படச்சுருளில் படம்பிடித்து வைத்தனர். பல பத்தாண்டுகள் பெட்டிகளில் கிடந்த அச்சுருள்களை அமெரிக்கத் தேசியப் பனி, பனிக்கட்டித் தரவு மையத்தினர் ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்து, அன்றைய சுற்றுப்பாதை விவரங்களைக் கொண்டு நிலப்படத்தில் பொருத்தினர்.

உண்மையான சிக்கல் மேகம்தான், ஏனெனில் கருப்பு வெள்ளைப் படத்தில் மேகமும் பனியும் ஒன்றுபோலவே வெளுத்துத் தெரியும். ஆனால் மேகம் நகர்ந்துவிடும், பனி ஏறக்குறைய அங்கேயே இருக்கும் என்பதால், பல நாள் படங்களை ஒப்பிட்டுப் பனியின் விளிம்பைக் குறித்தனர்.

இவ்வாறு கிடைத்த 1964 செப்டம்பர் மதிப்பீடு அண்டார்டிக்காவில் சுமார் 197 லட்சம், ஆர்க்டிக்கில் சுமார் 69 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரே மாதத்தின் அளவு என்பதால் இதைக்கொண்டு போக்கைக் கணிக்க முடியாது. எனினும் 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி 36 லட்சமாகச் சுருங்கியிருந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம்.