எக்ஸுக்கும் ஒரு நீளம் கொடுங்கள்

வணக்கம். உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் (எக்ஸ் + 2)² என்பதை எக்ஸ்² + 4 என்றே எழுதுவதாகவும், (எக்ஸ் + 2)² = எக்ஸ்² + 4எக்ஸ் + 4 என்ற முற்றொருமையை எத்தனை முறை எழுத வைத்தும் பயனில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத வைப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்ட வைத்துப் பாருங்கள்.

2 செ.மீ. பக்கமுள்ள சிறு சதுரம் 1 ஆகவும், 7.5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் கொண்ட பட்டை எக்ஸ் ஆகவும், 7.5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் எக்ஸ்² ஆகவும் இருக்கட்டும். பட்டையை 8 செ.மீ. நீளத்தில் வெட்டிவிடாதீர்கள், நான்கு சிறு சதுரங்கள் அதில் சரியாக அடங்குவதைப் பார்த்து, எக்ஸ் என்றால் 4 என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். (முதல் ஆண்டில் நான் செய்த தவறு இது.)

எக்ஸ்² சதுரத்தையும், இரண்டுக்கு இரண்டாக அடுக்கிய நான்கு சிறு சதுரங்களையும் மூலைக்கு மூலை தொடுமாறு வைத்து, முழுச் சதுரமாக்கச் சொல்லுங்கள். காலியாக நிற்கும் இரண்டு இடங்களிலும் இரண்டிரண்டு பட்டைகளை அவர்களே வைக்கும்போது, விடுபட்டுப்போன 4எக்ஸ் கண்முன்னே வந்துவிடும்.

அடுத்து, எக்ஸ்² + 5எக்ஸ் + 6 அட்டைகளைக் கொடுத்துச் செவ்வகம் அமைக்கச் சொல்லுங்கள். அதன் பக்கங்கள்தாம் காரணிகள். பிறகு ஒரு பட்டையை ஒளித்துவிடுங்கள். ஆறு சிறு சதுரங்களை 2 × 3 ஆக அடுக்கினால் ஐந்து பட்டைகளும், 1 × 6 ஆக அடுக்கினால் ஏழு பட்டைகளும் தேவைப்படும் என்பதையும், நான்கு பட்டைகளால் செவ்வகம் அமையாது என்பதையும் அவர்களே கண்டறியட்டும், அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

குறை எண்களுக்கு அட்டையின் பின்புறம் சிவப்பு வண்ணம் பூசுவோர் உண்டு. எனக்கு அது குழப்பத்தையே தந்தது.