ஜூரி பிரிந்தால் கைதிக்கு விடுதலையா?

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவின் மெனெண்டஸ் சகோதரர்கள் வழக்கைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம். ‘அப்பா அம்மாவைச் சுட்டது நாங்கள்தான்’ என்று பிள்ளைகளே கோர்ட்டில் சொன்ன பிறகும் ஜூரி ஏன் தீர்ப்புச் சொல்ல முடியாமல் கைவிரித்தது?

சுட்டது யார் என்பதில் ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் 12 பொதுமக்களுக்கு, சந்தேகமே இல்லை. 1989 ஆகஸ்ட் 20 இரவு, பெவர்லி ஹில்ஸ் வீட்டில் ஹோசே, கிட்டி தம்பதி ஷாட்கன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூத்த மகன் லைலுக்கு அப்போது 21 வயது, இளையவர் எரிக்குக்கு 18. 1993 ஜூலையில் வான் நைஸ் கோர்ட்டில் விசாரணை தொடங்கியபோது, சுடும்போது அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பது ஒன்றுதான் மிச்சமிருந்த கேள்வி.

கலிபோர்னியா சட்டத்தில் இதற்குப் பல படிகள் உண்டு. யோசித்துத் திட்டமிட்டுக் கொன்றால் முதல்நிலைக் கொலை. திட்டம் இல்லை, ஆனால் கொல்லும் எண்ணம் இருந்தது என்றால் இரண்டாம்நிலை. அதற்கும் கீழே, கொலை என்ற கணக்கில் வராத மரணம் விளைவித்தல். நம் ஊரில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-க்கும் (கொலை) 304-க்கும் (கொலை ஆகாத மரணம்) உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை பல ஆண்டுகள் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார், விஷயம் வெளியே போய்விடும் என்று பெற்றோர் தங்களைக் கொன்றுவிடுவார்கள் எனப் பயந்தோம் என்று இருவரும் சாட்சிக் கூண்டில் சொன்னார்கள். உடனடி உயிராபத்து என்று ஒருவர் மனதார நம்பி, அந்த நம்பிக்கைக்கு நியாயமான ஆதாரம் இல்லாமல் போனால், கலிபோர்னியாவில் அது கொலையிலிருந்து ஒரு படி இறங்கும். அரைகுறைத் தற்காப்பு என்று சொல்லலாம். முழு விடுதலை கிடைக்காது, தண்டனை மட்டும் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதில்தான் சூடு. இரண்டு பேரைக் கொன்றது, பதுங்கியிருந்து கொன்றது என்ற கூடுதல் குற்றச்சாட்டுகளோடு முதல்நிலைக் கொலை நிரூபணமானால் மரண தண்டனை அல்லது பரோலே இல்லாத ஆயுள். கீழ்ப்படிக்கு இறங்கினால் ஒரு மரணத்துக்கு 3, 6 அல்லது 11 ஆண்டுகள். அரசுத் தரப்பு கையில் வலுவான சரக்கு இருந்தது: இரண்டு நாள் முன்பே சான் டியாகோ போய் வேறொருவர் லைசென்ஸைக் காட்டித் துப்பாக்கி வாங்கியது, தோட்டா தீர்ந்து வெளியே போய் மறுபடி நிரப்பிவந்து தாயைச் சுட்டது, அப்புறம் ரோலெக்ஸ், போர்ஷே என்று பணத்தை வாரி இறைத்தது. எதிர்த்தரப்பில் உறவினர்களும் மனநல நிபுணர்களும் வரிசையாக வந்தார்கள். துப்பாக்கி வாங்கியது திட்டத்தைக் காட்டுகிறதா, பயத்தைக் காட்டுகிறதா? ஒரே ஆதாரத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். 12 பேரும் ஒரே வாசிப்புக்கு வந்தாக வேண்டும். வரவில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: கண்ணீரைப் பார்த்து ஜூரி ஏமாந்துவிட்டது என்று அப்போதே அமெரிக்காவில் பலர் கொதித்தார்களாமே?

கொதித்தார்கள். வழக்கு தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது. எனவே வீட்டிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் தாங்களும் ஜூரி என்றே நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்ததும் ஜூரி பார்த்ததும் ஒன்றல்ல. வழக்கறிஞர்கள் வாதத்துக்காக ஜூரியை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவதையும் வீட்டில் இருப்பவர் கேட்பார். நீதிபதி எழுதித்தரும் சட்ட விளக்கத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஜூரி அறையில் அந்தத் தாள்தான் மேஜையில் இருக்கும்.

இங்கே ஜூரியும் ஒன்றல்ல, இரண்டு. ஒருவருக்கு எதிராக மட்டும் செல்லுபடியாகும் சாட்சியம் இருந்ததால், அண்ணனுக்கு ஒரு ஜூரி, தம்பிக்கு ஒரு ஜூரி. ஒருவரை மட்டும் பற்றிய சாட்சி வரும்போது மற்ற ஜூரி எழுந்து வெளியே போய்விடும். 1994 ஜனவரி 13 அன்று எரிக்கின் ஜூரி முடியவில்லை என்றது. மாதக் கடைசி வாரத்தில் லைலின் ஜூரியும் அதையே சொன்னது.

எரிக்கின் ஜூரியில் ஆறு ஆண்கள் கொலை என்றார்கள், ஆறு பெண்கள் கீழ்ப்படி என்றார்கள். இது வெளியே வந்ததும், ‘பெண்கள் இரக்கப்பட்டுவிட்டார்கள்’ என்று ஒரு பக்கம், ‘ஆண்களால் இந்தத் துன்புறுத்தலைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை’ என்று இன்னொரு பக்கம் கூச்சல். பார்த்தவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்: இரண்டு ஜூரியிலும் சண்டை எந்தக் குற்றம் என்பதில். அவிழ்த்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதில் சண்டையே இல்லை. இரக்கம் என்று கேலி செய்தவர்கள், அந்த ஆறு பேர் கேட்ட தண்டனையும் பல ஆண்டு சிறைதான் என்பதைச் சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர்: ‘எங்களால் முடியவில்லை’ என்று ஜூரி சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடுமா?

முடியாது. ஜூரித் தலைவர் முதலில் நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். நீதிபதி ஜூரி எல்லாரையும் கோர்ட் அறைக்கு அழைத்து, எத்தனை முறை ஓட்டு எடுத்தீர்கள், எத்தனைக்கு எத்தனை என்று கேட்பார். கலிபோர்னியாவில் எண்ணிக்கையை மட்டும்தான் கேட்கலாம். எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்கக் கூடாது. ஏதாவது சாட்சியத்தை மறுபடி வாசித்துக் காட்டினால், சட்டத்தை இன்னும் விளக்கினால் உதவுமா என்று கேட்பார். உதவும் என்றால் திருப்பி அனுப்புவார். ஒருமித்த முடிவுக்கு வர நியாயமான வாய்ப்பே இல்லை என்று தெளிவானால்தான் மிஸ்ட்ரயல், அதாவது தீர்ப்பில்லாமலே விசாரணையைக் கலைப்பது.

தவறு நடப்பது பெரும்பாலும் நடுவில். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற ஒரு முறைப்படி, சிறுபான்மையில் இருப்பவர் தம் கருத்தை மறுபடி யோசித்துப் பார்க்கும்படி நீதிபதி சொல்லலாம். ஒற்றை ஆளை மடக்கும் நெருக்கடி அது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1977-ல் அதைத் தன் மாநிலத்தில் நிறுத்திவிட்டது. வேறு பல இடங்களில் ஏதோ ஒரு வடிவில் இன்னும் இருக்கிறது. அவசரப்பட்டு மிஸ்ட்ரயல் அறிவிப்பதிலும் ஆபத்து உண்டு: தேவையே இல்லாமல் ஜூரியைக் கலைத்தால், மறுவிசாரணைக்கே தடை வரலாம்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிப்பது அநியாயம் இல்லையா?

1824-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தால் முதல் விசாரணை முடிந்ததாகவே ஆகாது. அரசு வழக்கறிஞருக்கு மூன்று வழி: மறுபடி நடத்தலாம், குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துப் பேசி முடிக்கலாம், வழக்கைக் கைவிடலாம். கலிபோர்னியாவில் மறுவிசாரணையை 60 நாளில் தொடங்க வேண்டும். அந்த உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு விட்டுக்கொடுத்தால் தள்ளிப்போகும்.

இந்த வழக்கில் இரண்டாவது விசாரணை 1995 அக்டோபரில் தொடங்கியது. அதே நீதிபதி ஸ்டான்லி வைஸ்பெர்க். மற்றதெல்லாம் மாறிவிட்டது. கேமரா கிடையாது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஜூரி. துன்புறுத்தல் பற்றிய சாட்சிகள் வெட்டிக் குறைக்கப்பட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியம், அரைகுறைத் தற்காப்பு என்ற விளக்கத்தை ஜூரிக்குக் கொடுக்க நீதிபதி மறுத்தார். உடனடி ஆபத்துக்கான ஆதாரம் போதவில்லை என்பது காரணம். முதல் ஜூரிகள் எந்தப் படியில் சறுக்கி நின்றார்களோ அந்தப் படியையே எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? 1996 மார்ச் 20 அன்று இருவருக்கும் முதல்நிலைக் கொலை, பிறகு பரோல் இல்லாத ஆயுள். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ‘இந்த ஜூரிக்காவது புத்தி இருந்தது’ என்று பாராட்டியவர்கள், முதல் விசாரணை ஜூரிகளுக்கும் இந்த ஜூரிக்கும் கொடுத்த கேள்வித்தாளே வேறு என்பதைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: இலங்கையிலும் இந்தியாவிலும் 12 பேரும் ஒத்துப்போக வேண்டுமா?

இலங்கையில் ஜூரி 7 பேர். ஐந்துக்கு இரண்டு என்றாலே தீர்ப்பு. இங்கிலாந்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் பேசிய பிறகு, நீதிபதி அனுமதித்தால் பத்துக்கு இரண்டு போதும். இந்தியாவில் 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரியே போய்விட்டது. அதற்கு முன் உயர் நீதிமன்றத்தில் 9 பேர் ஜூரி, 6 பேர் ஒத்துப்போய் நீதிபதியும் ஏற்றால் போதும். லட்சுமிகாந்தன் வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சென்னையில் இப்படி ஒரு ஜூரி முன்தான் நின்றார்கள். பெரும்பான்மை போதும் என்ற இடங்களில் ஜூரி பிளந்து நிற்பது அபூர்வம். ஆனால் எதிர்த்து நிற்கும் இரண்டு பேர் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் லூசியானாவும் ஆரிகனும் பத்துக்கு இரண்டை ஏற்றுக்கொண்டிருந்தன. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது.

வேலூரிலிருந்து ஒரு வாசகி: அந்தச் சகோதரர்கள் இப்போது வெளியே வந்துவிட்டார்களா?

2025 மே மாதம் நீதிபதி மைக்கேல் ஜெசிக் தண்டனையை 50 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று மாற்றினார். குற்றம் நடந்தபோது 26 வயதுக்குக் குறைவு என்பதால் பரோலுக்கு உடனே தகுதி வந்தது. ஆகஸ்டில் பரோல் வாரியம் இருவரையும் தனித்தனியே விசாரித்து, இருவருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மறுத்துவிட்டது. சிறைக்குள் திருட்டுத்தனமாகக் கைபேசி வைத்திருந்ததும் வாரியம் எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று.