பையனை டீ பாலில் சேர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது, பள்ளியிலிருந்து டீ பால் என்கிற, சின்னக் குழந்தைகளுக்கான பேஸ்பால் படிவம் வந்திருக்கிறது, ஆறு வயதுப் பையனைச் சேர்க்கலாமா, என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும், பேசாமல் கிரிக்கெட் அகாடமியில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. சேருங்கள். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், கட்டச் சிரமமாக இருந்தால் கூச்சப்படாமல் ஆட்டத்தை நடத்துகிற லீக்கில் கேளுங்கள், பெரும்பாலும் குறைத்துக்கொள்வார்கள். கிரிக்கெட் எங்கேயும் ஓடிப்போகாது, இரண்டு வருடம் கழித்துக்கூடச் சேர்க்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டு காஸ்ட்கோ கடைக்குப் போய்விடாதீர்கள். நம் ஆட்கள் மேல் எனக்குப் பல வருடமாக இருக்கிற வருத்தம் இது. பணம் கட்டி ஒப்படைத்துவிட்டு வர இது கணக்கு டியூஷன் இல்லை. கோச் என்று தொப்பி போட்டுக்கொண்டு நிற்பவர், பகலெல்லாம் தன் வேலையைப் பார்த்துவிட்டு அரக்கப் பரக்க ஓடி வந்த இன்னொரு குழந்தையின் அப்பா. சம்பளம் கிடையாது. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில், உறவுக்காரச் சிறுவர்கள் விளையாட வேண்டும் என்று கார்ல் ஸ்டாட்ஸ் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பை ஆரம்பித்ததிலிருந்து, இது ஊர்க்காரர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. ஒரு குழந்தைக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும், ஒன்றுக்குப் பாத்ரூம் அவசரம், இன்னொன்று அவுட்ஃபீல்டில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கி க்ளவுக்குள் நிரப்பிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் ஒருத்தர் எத்தனை பேரைப் பார்ப்பார்? உங்களுக்கு ஆட்டமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரிசையாக ஹெல்மெட் மாட்டிவிட ஒரு பெரிய ஆள் வேண்டும், அவ்வளவுதான். உதவிக்கு வருகிறேன் என்றால் பின்னணிச் சோதனைக்கு ஒரு படிவம் தருவார்கள். அதைப் பார்த்ததும் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நம்மவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் அந்தச் சோதனை உண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும்தான்.

அடுத்தது, வேலிக்கு வெளியே நின்று கத்துவது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பாக்களுக்குக் கை சும்மா இருக்காது. அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் டென்னிஸ் பந்தை வைத்து, பேட்டை நேராகப் பிடி, முன்காலை வை என்று ஒரு மாதம் பழக்கிவிட்டுத்தான் கூட்டிவருவார்கள். இங்கே பேட் தோளுக்கு மேலே இருக்கும், வீச்சு குறுக்காக வரும். லெக் கிளான்ஸ் மாதிரி பின்னால் திருப்பிவிட்டால் அது ஃபவுல், அதற்கு ஓட்டம் கிடையாது. பந்து முன்னால் இரண்டு பக்கக் கோடுகளுக்குள் போனால் ஓடியே ஆக வேண்டும், பார்த்து ஓடலாம் என்று நிற்க முடியாது. பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, வீசியும் எறியக் கூடாது, கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். கோச் ஒன்று சொல்ல, நீங்கள் தமிழில் வேறொன்று சொல்ல, நடுவில் நிற்கிற குழந்தை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த முகத்தை நான் எத்தனையோ சனிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன், எனக்குத் தாங்காது. டீ பாலில் பந்து ஒரு கம்பத்தின் மேல் இருக்கும், பல லீக்குகளில் ஸ்கோரே எழுத மாட்டார்கள், எல்லாக் குழந்தைக்கும் பேட்டிங் வரும். கை தட்டுங்கள், போதும்.

வாங்குகிற விஷயம் சின்னதுதான். க்ளவ் பந்தெறியும் கைக்கு மாட்டுவதில்லை, எதிர்க் கைக்கு. ஆறு வயதுக்குப் பத்து இஞ்ச் அளவில் மெத்தென்று இருந்தால் சரி. பேட் பழையது வாங்கினால் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018-லிருந்து லிட்டில் லீக்கில் அது கட்டாயம், நம் குழுக்களில் மலிவாக வருகிற பழைய பேட்டுகள் பலதில் இருக்காது. முந்நூறு டாலர் பேட் பக்கமே போகாதீர்கள். ஏப்ரல் குளிரில் அலுமினியப் பேட்டில் பந்து பட்டால் விரல் வரைக்கும் சுரீரென்று ஏறும், குழந்தை பயந்துவிடும், பேட் பிடிக்கிற கைகளுக்கு மெல்லிய பேட்டிங் க்ளவ் போட்டு அனுப்புங்கள். குழந்தைகளுக்கு ஸ்நாக்ஸ் கொண்டுபோகிற உங்கள் முறை வரும்போது ஆரஞ்சை வெட்டிக் கொண்டுபோங்கள். ஊர்ப் பாசத்தில் கடலை மிட்டாய் எடுத்துப்போய்விடாதீர்கள், வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே உயிர் போகிற விஷயம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது ஒரு வரி. நான்கு வயது மகளும் இருக்கிறாள், அவள் பெண்பிள்ளை, அதனால் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டீ பாலில் நான்கு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்வார்கள் தம்பி. 1972-ல் இதே நியூ ஜெர்சியில், ஹோபோகனில், மரியா பெப்பே என்ற சிறுமி லிட்டில் லீக்கில் சில ஆட்டங்கள் பந்தெறிந்தாள், பெண் என்று சொல்லி நிறுத்தினார்கள், வழக்கு நடந்து 1974-ல் பெண்களுக்குக் கதவு திறந்தது. இந்த மாநிலத்துக் குழந்தை ஒருத்தி தனக்குக் கிடைக்காததை உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

நாங்கள் 2008 ஜனவரியில் வந்தோம். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்தப் பனி எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், எனக்கு லைசென்ஸ் கிடையாது, பகல் முழுக்க ஜன்னல்தான். மார்ச்சில் மகளின் பையில் படிவம் வந்தது, சேர்த்துவிட்டேன். நடைபாதை இல்லாத ரோட்டோரமாக அவளைக் கையில் பிடித்து மைதானத்துக்கு நடப்பேன். தமிழ்க் குடும்பங்களில் சிலர், பெண்பிள்ளையை எதற்கு வெயிலில் கறுக்க விடுகிறாய், நடன வகுப்பில் போடு என்றார்கள். நடனமும் ஆடினாள், பந்தும் அடித்தாள். இரண்டு வருடம் கழித்து மேல் பிரிவுக்குப் போனபோது ஸ்கோர் எழுத ஆளில்லை என்று கோச் நோட்டை என்னிடம் நீட்டினார். பந்தெறிகிற பிட்சர் 1, பின்னால் பிடிக்கிற கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6 என்று, மைதானத்தில் நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள எண்களை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பந்து 6-லிருந்து 4-க்கும் 3-க்கும் போய் ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்டான டபிள் பிளேயை 6-4-3 என்று முதன்முதலாக எழுதிய அன்றைக்கு, அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்க்கார அம்மாக்கள் என் நோட்டை எட்டிப் பார்த்துத்தான் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டார்கள். என் உடைந்த ஆங்கிலம் அந்த பெஞ்சில்தான் சரியானது. லைசென்ஸ் எடுக்கக் காரோட்டப் பழக்கியதும் அவர்களில் ஒருத்தி.

டிராவல் டீம், அதாவது வெளியூர் போய் ஆடுகிற அணி, என்று யாராவது இப்போதே வந்து பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லிட்டில் லீக்கிலேயே ஏழெட்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் 50 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், முழங்கையைக் காப்பாற்றத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறான் என்பதற்காக வாரக் கடைசி முழுக்க வெளியூர்ப் போட்டிகளுக்கு ஓடி, தமிழ்ப் பள்ளியையும் விட்டு, பத்து வயதில் பையன் பேட்டைத் தொடவே மாட்டேன் என்று சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும்.

பதிவை நிறைய லீக்குகளில் பனி உருகும் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் இந்த வாரமே இருவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஜெர்சி அளவு கேட்கிற இடத்தில் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள், ஏப்ரலில் உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும்.