ஆறிய துளை மறுபடி கசிவது ஏன்?

கேள்வி: என் மனைவிக்கு 43 வயது. கல் இருந்ததால் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்து ஏழு வாரம் ஆகிறது. நான்கு துளைகளும் நன்றாக ஆறிவிட்டன. ஆனால் நாலாவது வாரத்தில் தொப்புள் துளையில் மட்டும் பட்டாணி அளவு கட்டி வந்து உடைந்தது. அதிலிருந்து இன்னும் நீர் வடிகிறது. வலி, காய்ச்சல் இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் காயவில்லை. மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார் என் அம்மா. போடலாமா?

பதில்: மஞ்சள் வேண்டாம். அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படி ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, கசிவு எப்போது ஆரம்பித்தது என்பதைத்தான். பாதி விடை அதிலேயே இருக்கும். முதல் இரண்டு நாளில் தோல் நீலம் பாரித்தால் அது ரத்தக்கட்டு, தானாகக் கரையும். முதல் பத்து நாளுக்குள் சிவந்து, சுட்டு, சீழ் வந்தால் சாதாரணக் கிருமித்தொற்று. பெரும்பாலும் சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும்.

உங்கள் மனைவிக்கு அப்படி இல்லை. ஆறிய இடம் ஒரு மாதம் கழித்து, காய்ச்சலே இல்லாமல் கசிகிறது. வழக்கமான மருந்துக்கும் அசையவில்லை. இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தங்களை. மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சூட்டம், கெலோனே என்று பெயர். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பவை. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளில் மூட்டும் இடுக்கும் உறையும் அதிகம். சூட்டில் கெட்டுப்போகும் என்று சிலவற்றைக் குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைப்பார்கள். 20 நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான கிருமிகள் போகும். முழுக்கக் கிருமி நீங்க 10 மணி நேரம் வேண்டும். ஊறியதைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் கதை பழையபடிதான்.

உடனே மருத்துவமனையோடு சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே தங்கிய தையல் நூலும், அறுவையின்போது சிதறிய ஒரு சின்னக் கல்லும்கூட இப்படிக் கசியவைக்கும். அதனால் மூன்றாவது ஆன்டிபயாடிக்கைத் தொடங்கும் முன் சோதனை அவசியம். மேலே ஒட்டியிருக்கும் நீரைப் பஞ்சில் தொட்டு அனுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உள்ளிருந்து சீழோ, கொஞ்சம் சதையோ எடுத்து, ஏ.எஃப்.பி. சோதனையும் (காசநோய்க் குடும்பக் கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் தேடுவது) மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் (அவற்றை வளர்த்துப் பார்ப்பது) வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் ஆய்வகம் வழக்கமான கல்ச்சர் மட்டும் செய்து 'கிருமி இல்லை' என்று அனுப்பிவிடும். வயிற்று ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சந்தேகப்பட்ட கிருமிதான் என்றால் சிகிச்சை சில மாதங்கள் நீளும். கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். சிலருக்குப் புண் பாதையை வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும். கல்ச்சர் இல்லாமல் யாராவது வழக்கமான டி.பி. மாத்திரையை ஆரம்பித்தால் தடுத்துக் கேளுங்கள், அது இந்த வகைக் கிருமிகளிடம் எடுபடாது. வீட்டில் யாருக்கும் ஒட்டாது, குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டாம். குளிக்கலாம், குளித்ததும் துடைத்து, சுத்தமான காஸ் துணி வைத்தால் போதும்.

அப்புறம், அவரை நின்றபடி இருமச் சொல்லுங்கள். அந்த இடம் புடைத்து, படுத்ததும் அமுங்கினால் அது ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். 10 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய துளைகளில்தான், குறிப்பாகத் தொப்புளில், இது அதிகம் வரும். புடைப்பு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் இருந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கசிவு பச்சையாகவோ மலவாடையோடோ இருந்தாலும், கண் மஞ்சளானாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

எடுத்த பித்தப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிவிட்டீர்களா? பலர் வாங்குவதே இல்லை. மிக அபூர்வமாக, கல்லோடு ஒளிந்திருந்த புற்றுநோய் அந்த ரிப்போர்ட்டில்தான் தெரியவரும். துளையில் கட்டியாகவும் தலைகாட்டும். உங்கள் மனைவிக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் டாக்டரைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் எடுத்துப் போங்கள்.