உங்கள் விவரம் கசிந்தால் யாரிடம் போவது? – கேள்வி பதில்

மதுரையில் நுகர்வோர் வழக்குகளும் சைபர் வழக்குகளும் நடத்தி வருகிறேன். கம்பெனிகளிடம் நாம் கொடுத்த விவரம் வெளியே போய்விட்டால் சட்டப்படி என்ன செய்யலாம் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

விழுப்புரம்: மேடம், நான் பாலிசி எடுத்திருக்கும் கம்பெனியிலிருந்து "உங்கள் விவரங்கள் சில வெளியாகியிருக்கலாம்" என்று மெயில் வந்தது. பணம் எதுவும் போகவில்லை. கேஸ் போட்டால் நஷ்டஈடு கிடைக்குமா?

இன்றைய தேதியில் கஷ்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஏ பிரிவுதான் இப்போது கையில் இருக்கும் ஆயுதம். அதில் ஜெயிக்க மூன்றைக் காட்ட வேண்டும். கசிந்தது வெறும் பெயரும் போன் நம்பருமாக இருக்கக் கூடாது. மருத்துவ விவரம், வங்கி அல்லது கார்டு விவரம், கடவுச்சொல், கைரேகை மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி பாதுகாப்பில் அலட்சியமாக இருந்திருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு இழப்போ, வேறு யாருக்காவது முறைகேடான லாபமோ வந்திருக்க வேண்டும். உங்களிடம் மூன்றாவது இல்லை.

ஆனால் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். எங்களிடம்தான் கசிந்தது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. ஆறு மாதம் கழித்து உங்கள் கணக்கில் யாராவது கைவைத்தால் முதல் ஆவணமே அதுதான்.

சென்னை: 250 கோடி அபராதம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அதில் நமக்கு எவ்வளவு வரும்?

ஒரு பைசா வராது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி வரை, கசிவை மறைத்தால் 200 கோடி வரை அபராதம் உண்டு. இரண்டும் போய்ச் சேருவது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அபராதம் விதிக்கும் தரவு வாரியம் தொடர்பான பிரிவுகள் உடனே அமலாகிவிட்டன. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே. அதே நாளில் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. புதுச் சட்டம் அபராதத்தைக் கொண்டுவந்து நஷ்டஈட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கு முன் நடந்த கசிவுக்குப் பழைய உரிமை நிற்கும் என்பது என் கருத்து. ஆகவே இழப்பு இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

திண்டுக்கல்: என் நம்பர் நூறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கம்பெனியிலிருந்துதான் போனது என்று எப்படி நிரூபிப்பது?

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் கதையைச் சொல்கிறேன். நம் ஊர் வழக்கப்படி அவருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஒரு ஆன்லைன் படிவம் "முதல் பெயர், கடைசிப் பெயர்" இரண்டும் இல்லாமல் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால், அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டு முடித்துவிட்டார். வேறு எங்கும் அப்படிக் கொடுத்ததில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மோசடிக்காரன் கூப்பிட்டு, காலமாகிவிட்ட அப்பாவின் பெயரைச் சொல்லி "சார் பேசுறீங்களா?" என்றான். அதோடு அந்த கம்பெனி கொடுத்த வாடிக்கையாளர் எண்ணையும் கடைசித் தவணை கட்டிய தேதியையும் ஒப்பித்தான். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான். நோட்டீஸில் இதை எழுதியதும், அதுவரை "எங்கள் சர்வரில் எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள்.

உங்கள் வழக்கிலும் இப்படி ஒரு நூல் இருக்கும். தப்பாக எழுதப்பட்ட தெரு பெயர், பழைய முகவரி, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கொடுத்த மெயில் ஐடி என்று தேடுங்கள். கூப்பிட்டவன் என்னென்ன சொன்னான் என்பதை அன்றே, நேரத்தோடு, எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரம் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்லும் சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்வோமே, அதன் வாரிசு. அதனால் அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

திருப்பூர்: அக்கா, அவசரம். முந்தாநாள் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போய்விட்டது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. என்ன செய்ய?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், தம்பி. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். கையோடு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி இது: தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000. அதற்கு மேல் போனால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அது. புகார் கொடுத்த பத்து வேலை நாளில் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. கிளையில் "நீங்கதான் ஏதோ லிங்கைத் தொட்டிருப்பீங்க" என்பார்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

தஞ்சாவூர்: ஸ்டேஷனில் புகாரை வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

சைபர் கிரைம் இணையதளத்தில் பதிந்து, அந்த ஒப்புகை எண்ணோடு போங்கள். எஃப்ஐஆர் போடாவிட்டாலும் சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கியதற்கான ஒப்புகை) இல்லாமல் திரும்பாதீர்கள். அதுவும் தர மறுத்தால் எஸ்பி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள்.

கோவை: நுகர்வோர் கோர்ட்டா, இல்லை ஐடி செயலாளரா? எது நல்லது?

தெரியாதவர்களுக்காக: 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்டுப் போக வேண்டிய இடம் சாதாரண கோர்ட் இல்லை. மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் தீர்ப்பு அதிகாரி. 5 கோடி வரை கேட்கலாம், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை: அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் போலி மெயில் மோசடியில் பணத்தை இழந்து, வங்கியின் மீது இங்கே மனு போட்டார். 2010-இல் 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. நாட்டிலேயே ஆரம்பகாலத் தீர்ப்புகளில் அது ஒன்று. பிறகு மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுத்தது வேறு கதை. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் செயலாளருக்கு இது நூற்றில் ஒரு வேலை.

அதனால் தொகை சின்னதாக இருந்தால் நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே சொல்வேன். பாதுகாப்பாக வைத்திருப்பதும் சேவையின் ஒரு பகுதிதான்; அதில் கோட்டைவிட்டால் சேவைக் குறைபாடு. நீங்கள் கட்டிய பிரீமியமோ கட்டணமோ 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன், சரி). மன உளைச்சலுக்கும் கேட்கலாம். கெடு இரண்டு வருடம். ஒரு சிக்கல், காசு கொடுத்து வாங்கிய சேவையாக இருக்க வேண்டும். இலவச ஆப்பில் கசிந்தது என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

சேலம்: அம்மாவின் மருத்துவ அறிக்கை டெலிகிராமில் சுற்றுவதாகச் சொல்கிறார்கள். எடுக்க வைக்க முடியுமா?

முடிந்த அளவு முடியும். 2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு வாடிக்கையாளர்களின் விவரங்களையும் மருத்துவக் காகிதங்களையும் டெலிகிராம் சாட்பாட்கள் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த விஷயம் நினைவிருக்கும். கம்பெனியே மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவற்றை முடக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று முளைக்கும் என்பதும் அப்போதே தெரிந்தது. நீங்கள் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இணைப்போடு எழுதுங்கள். மசியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே உதவும். செலவு ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சி: எனக்கு இங்கே செட்டில்மென்ட் மெயில் வந்திருக்கிறது. உண்மையா, மோசடியா?

அமெரிக்காவில் பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் ஒரே வழக்கு நடத்தும் முறை இருப்பதால் அப்படி மெயில் வருவது சகஜம். பணம் கட்டச் சொன்னாலோ கார்டு நம்பர் கேட்டாலோ போலி. மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வழக்கின் பெயரைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 14.7 கோடிப் பேர் விவரம் போய், 2019 சமரசத்தில் தலைக்கு 125 டாலர் என்று பேச்சு அடிபட்டது. அந்த வகைக்கு ஒதுக்கியது 3.1 கோடி டாலர்தான். விண்ணப்பம் குவிந்ததும் பங்கு சுருங்கிப்போனது. உங்களுக்குத் தனியாகப் பெரிய இழப்பு இருந்தால், அந்தப் பொது வழக்கிலிருந்து விலகிக்கொள்ளும் கடைசித் தேதிக்குள் விலகி அங்குள்ள வக்கீலைப் பாருங்கள்.

நாகர்கோவில்: என் பான் எண்ணில் யாரோ லோன் வாங்கியிருக்கிறார்கள். சிபில் குறைந்துவிட்டது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசம். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத லோன் இன்னொன்றில் இருக்கும். லோன் கொடுத்த நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் ஆட்சேபம் எழுதுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. லோன் ஒப்பந்தத்தின் நகலையும், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதையும் கேளுங்கள். கணக்கு உங்களுடையது இல்லை என்றாலே பாதி வேலை முடிந்தது.

தேனி: நோட்டீஸ் வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டுமா?

வேண்டாம், நீங்களே எழுதலாம், தமிழிலேயே. என்ன கசிந்தது, எப்போது தெரிந்தது, என்ன இழப்பு, எவ்வளவு கேட்கிறீர்கள், எத்தனை நாளில் பதில் வேண்டும், இவ்வளவுதான். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலில் ஒன்று, தபாலில் ஒன்று. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள். ரசீது மை மங்கிப்போகும், அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.